பாதி கறையான் தின்ற பூவேலைப் பலகையும் ஒரு ஸ்குரோல் சோவும்

கோப்பாயில் இருக்கும் அம்மம்மாவின் வீடு பழைய நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, தெருவாசலில் இரட்டைக் கதவு. அந்தக் கதவு நிலைக்கு மேலே, காற்றும் வெளிச்சமும் வருவதற்காக வைத்த பூவேலைப் பலகை ஒன்று இருக்கிறது. 36 அங்குல நீளம், 14 அங்குல உயரம், முக்கால் அங்குலத் தடிப்பு. நடுவில் ஒரு பூச்சாடி, அதிலிருந்து இரண்டு பக்கமும் சுருண்டு போகும் கொடி, கொடியில் இலையும் மொட்டும். வலது பாதியைக் கறையான் தின்றுவிட்டது. சுவர்ப்பக்கமாக ஏறி வந்து, பெயிண்டை ஓடாக விட்டுவிட்டு உள்ளே இருந்த மரத்தை முடித்திருந்தது. விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது.

அலுமினியச் சட்டம் போட்டுக் கண்ணாடி அடித்துவிடலாம் என்றார் மாமா. அவரைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் பலவற்றில் இன்று அதுதான் நடக்கிறது. ஆனால் இந்தப் பலகைகள் பெரும்பாலும் இடமும் வலமும் ஒன்றுபோல வெட்டப்பட்டவை. பாதி மிஞ்சியிருந்தால் முழுதையும் மீட்டுவிடலாம். அம்மம்மா கேட்டது ஒன்றுதான்: “உந்தப் பூச்சாடி அப்பிடியே வருமோ ராசா?” ஓம், வரும் என்று சொல்லிவிட்டுப் பலகையைக் கழற்றினேன்.

இந்த வேலைக்கு நான் எடுத்தது ஸ்குரோல் சோ. அதைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மெல்லிய வாள் அலகு ஒன்று மேசையின் நடுவே நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும். வாளை நாம் நகர்த்துவதில்லை, மரத்தைத்தான் திருப்புகிறோம். பலகையின் நடுவில் சிறு துளை போட்டு, அலகைக் கழற்றி அந்தத் துளைக்குள் நுழைத்துத் திரும்ப மாட்டினால், ஓரத்தைத் தொடாமலே உள்ளே ஒரு வடிவத்தை வெட்டி எடுக்கலாம். கையில் பிடிக்கும் ஜிக்சோவாலும் உள்வெட்டு போடலாம்தான். ஆனால் அதன் அலகு தடித்தது, ஒரு முனையில் மட்டும் பிடிபட்டது, இறுக்கமான வளைவில் சாய்ந்துவிடும். மேலே சரியாக இருக்கும் வெட்டு கீழே வேறெங்கோ போயிருக்கும். ஸ்குரோல் சோவில் அலகு இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

என்னுடையது சாதாரண 16 அங்குல இயந்திரம். அந்த 16 அங்குலம் அலகிலிருந்து பின்பக்கத் தூண் வரையுள்ள தூரம். வேகத்தை நிமிடத்துக்கு 400 முதல் 1600 அடி வரை மாற்றலாம், அலகு ஒருமுறை ஏறி இறங்குவது ஓர் அடி. இதைவிட நல்ல இயந்திரங்கள் உண்டு, அதிர்வு குறைவாக இருக்கும், அலகு மாற்றுவது சுலபமாக இருக்கும். இருந்தாலும் வெட்டின் தரத்தில் பெரும்பகுதி அலகையும் அதன் இழுவையையும் பொறுத்தது. இயந்திரத்தின் விலைக்கு அவ்வளவு பங்கு இல்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். அலகின் முனையில் குறுக்கு ஊசி உள்ள வகையை மட்டும் ஏற்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. அந்த ஊசி நுழையக் கிட்டத்தட்ட 5 மிமீ துளை தேவை. ஊசியில்லாத வெறும் முனை அலகுக்கு ஒன்றரை, இரண்டு மிமீ போதும். ஒரு மொட்டின் காம்பு தொடங்கும் மூலையில் 5 மிமீ துளை போட்டால் அந்த மூலை அழிந்தது. வெறும் முனை அலகைப் பிடிக்கும் இயந்திரமாகவே வாங்குங்கள். இரண்டையும் ஏற்றால் இன்னும் நல்லது.

இயந்திரத்தைப் பாரமான மேசையில் போல்ட் அடித்து இறுக்கி, கால்களுக்குக் கீழே பழைய டயரிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகளை வைத்திருக்கிறேன். அதிர்வு பாதியாகக் குறைந்தது என்றே சொல்வேன். அதிர்கிற மேசையில் கோடே இரண்டாகத் தெரியும், கண்ணும் சீக்கிரம் களைக்கும்.

சரி, அலகுக்கு வருவோம். இந்த வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது.

அலகின் நீளம் 5 அங்குலம். தடிப்பை எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூட அலகு அகலமாகும், தடிக்கும். 2/0 என்பது பூச்சியத்தைவிடவும் மெல்லியது, தலைமயிர் போல. 12 முரட்டு அலகு. 5 ஆம் எண் ஏறத்தாழ ஒரு மிமீ அகலம், 0.4 மிமீ தடிப்பு, தயாரிப்பவரைப் பொறுத்துச் சிறிது மாறும். மெல்லிய பிளைவூட்டுக்கு 2, 3 போதும். முக்கால் அங்குலத் தேக்குக்கு நான் நீண்ட வளைவுகளில் 7, சுருள் இறுகும் இடங்களில் 5 போட்டேன். தடித்த மரத்தில் மெல்லிய அலகைப் போட்டு வேகமாகத் தள்ளினால் அலகு பின்னால் வளைந்து, வெட்டின் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

எண் மட்டுமல்ல, பல் வரிசையும் முக்கியம். ஒரு பல் விட்டு ஒரு பல் உள்ள அலகில் இடைவெளி வழியாகத் தூள் வெளியே வரும், மரம் கருகாது. வேறொரு வகையில் அடியில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். வாள் கீழே இறங்கும்போது பலகையின் அடிப்பக்கம் நார் பிய்வதை அந்தப் பற்கள் ஏறும்போது துப்புரவாக்கிவிடும். பூவேலைப் பலகையை இரண்டு பக்கமிருந்தும் பார்ப்பார்கள் என்பதால் எனக்கு இந்த வகைதான் வேண்டியிருந்தது. இதை மாட்டும்போது, அலகு உச்சிக்குப் போகும் வேளையில் மேல்நோக்கிய பற்களில் இரண்டு மூன்று மட்டும் மேசைக்கு மேலே தெரிய வேண்டும். நிறையத் தெரிந்தால் அவை பலகையைத் தூக்கி அடிக்கும். ஒன்றுமே தெரியாவிட்டால் அந்த அலகு வாங்கியதில் பயனில்லை.

முறுக்கிய அலகு என்றும் ஒன்று இருக்கிறது. சுற்றிவரப் பல் இருப்பதால் மரத்தைத் திருப்பாமலே எந்தத் திசையிலும் வெட்டலாம். நீளமான பலகை தூணில் முட்டும் இடங்களில் கைகொடுக்கும். ஆனால் வெட்டு அகலமாகவும் சொரசொரப்பாகவும் வரும், நார் ஓடும் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பழைய பாதிக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும் என்பதால் நான் அதைத் தொடவில்லை.

கஸ்தூரியார் வீதியில் நகைப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தகட்டில் துளைவேலை செய்ய அவர்கள் பாவிக்கும் நுண்வாள் அலகைக் காட்டினார். அதுவும் ஏறத்தாழ இதே 5 அங்குலம், வெறும் முனை. ஸ்குரோல் சோவில் மாட்டிப் பித்தளைத் தகடு வெட்டலாம், அருமையாக வெட்டும். மரத்துக்கு அது சரிவராது. பற்கள் நெருக்கமானவை, தூள் அடைத்து மரம் கருகும்.

மாட்டும்போது பற்கள் நம்மைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். புதிய அலகில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அந்த எண்ணெயோடு மாட்டினால் பிடியிலிருந்து அலகு நழுவும். இயந்திரத்தைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள், காரணம் எண்ணெயாக இருக்கும். இரண்டு முனையையும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, சாண்ட் பேப்பரால் ஒருமுறை உரசிவிட்டால் பிறகு நழுவாது.

இழுவையைக் காதால் பார்க்கலாம். விரலால் சுண்டினால் தந்தியின் நாதம் போல உயர்ந்த ஒலி வர வேண்டும். மொத்தென்று கேட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பக்கவாட்டில் விரலால் தள்ளினால் 3 மிமீக்கு மேல் நகரக்கூடாது. தளர்ந்த அலகு கோட்டை விட்டு அலையும், அளவுக்கு மேல் இறுக்கினால் அறுந்துவிடும். வெட்டுகிற வேளையில் சூட்டால் அலகு சிறிது நீளும், அதனால் இடையில் ஒருமுறை சுண்டிப் பார்ப்பது நல்லது.

மேசைக்கு அலகு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க மூலைமட்டத்தைவிட ஒரு கழிவுக் கட்டை நம்பகமானது. தடித்த கட்டையில் சிறு கீறல் அளவுக்கு வெட்டி நிறுத்துங்கள். கட்டையை அரைவட்டம் திருப்பி அலகின் பின்பக்கமாகக் கொண்டுபோய் அந்தக் கீறலில் வையுங்கள். அலகு தடையில்லாமல் உள்ளே விழுந்தால் செங்குத்து சரி. விழாவிட்டால் மேசையின் சாய்வை மாற்றித் திரும்பப் பாருங்கள்.

இன்னொரு குணத்தையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான அலகுகளில், செய்யும் முறையால் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூராக இருக்கும். அதனால் வெட்டு தானாக ஒரு பக்கம், பொதுவாக வலப்பக்கம், இழுக்கும். மரத்தை நேராகத் தள்ளினால் நேர்கோடு வராது. சில பாகை சரித்துத் தள்ள வேண்டும். ஒவ்வொரு புது அலகுக்கும் கழிவுத் துண்டில் ஒரு நேர்கோடு வெட்டி, எவ்வளவு சரித்தால் அது கோட்டோடு போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நல்ல மரத்தைத் தொடுவேன்.

கை பழக வீட்டுப் பெயர்ப் பலகைகளைவிட நல்ல பயிற்சி இல்லை. தமிழ் எழுத்து முழுக்க வளைவும் சுழியும்தான். அ, ண போன்ற எழுத்துகளில் மூடிய சுழிகள் வரும், அவற்றுக்கு உள்துளை போட்டே ஆகவேண்டும். உள்சுழியை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்ட வேண்டும் என்ற ஒழுங்கும் இங்கேயே பழகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்பதால், அதை வெட்டிக்கொண்டிராமல் உருண்டை மரக்குச்சியிலிருந்து சீவி எடுத்து ஒட்டுவது சுலபம். நாலு பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி விளையாட்டுப் பொருள் வேண்டுமென்றால், 3 மிமீ பிளைவூட்டில் நாலு துண்டை அடுக்கி, ஓரங்களை நாடாவால் சுற்றி ஒரே வெட்டில் எடுத்துவிடலாம்.

2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் கை வாளால் இதே வேலையைச் செய்திருக்கிறேன். வளைந்த இரும்புச் சட்டத்தில் அதே அலகை மாட்டி, வி வடிவில் வெட்டிய பலகையை மேசை விளிம்பில் பூட்டி, அதன்மேல் மரத்தை வைத்து வெட்டுவது. பல் கீழ்நோக்கி, இழுக்கும்போது வெட்டும். அம்மம்மா வீட்டுப் பலகையும் கை வாளால் வெட்டப்பட்டதுதான். துளைகளின் உட்சுவரில் அந்தச் சிறு தடங்கள் இன்னும் இருக்கின்றன. வசதி உள்ளவர்களும் கொஞ்ச நாள் கை வாள் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். மரம் எங்கே எதிர்க்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிட்டால் பிறகு இயந்திரத்தில் யாரும் பலகையைத் தள்ளமாட்டார்கள்.

மரம் தெரிவு செய்வதில் நேரம் போனது. பனை வேண்டாம் என்று உடனே முடிவு செய்தேன். கூரையின் வளை, கைமரம் போன்றவற்றுக்கு அதற்கு நிகரில்லை, ஆனால் அதன் கறுத்த நார் இரும்பு மாதிரி, இடையில் உள்ள சோறு மென்மை. அலகு நாருக்கு நார் தாவும், வெட்டிய ஓரம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்யும். முதிரை அழகான மரம், மஞ்சள் மினுக்கம் யாரையும் மயக்கும். ஆனால் மிகவும் அடர்த்தி, மெல்லிய அலகில் சீக்கிரம் கருகும். அதன் தூள் பலருக்குத் தோலில் சொறியையும் தடிப்பையும் கொண்டுவரும், முகமூடியும் நீளக் கையும் இல்லாமல் தொடக்கூடாது. பலாவும் மகோகனியும் வெட்டச் சுகமானவை, பழகுபவர்களுக்கு நான் சொல்வது அவற்றைத்தான். ஆனால் பழைய பாதி தேக்கு. பக்கத்தில் வேறு மரம் வைத்தால் மழைக்காலத்தில் இரண்டும் வேறுவேறு அளவில் ஊதி, மூட்டைப் பிரித்துவிடும். வீட்டுப் பின்பக்கத்தில் கழற்றி வைத்த பழைய யன்னல் கதவுகள் கிடந்தன. அவையும் தேக்கு. எத்தனையோ வருடம் காய்ந்த மரம், இனி முறுக்காது. அவற்றிலிருந்து இரண்டு பலகை எடுத்து, சீவுளி போட்டு, பக்கத்தோடு பக்கம் ஒட்டி 14 அங்குல அகலம் ஆக்கினேன். பழைய மரத்தில் ஆணி முறிந்து உள்ளே நிற்கும், காந்தம் கொண்டு தடவிப் பார்த்த பிறகே சீவுளியை வைக்க வேண்டும்.

தேக்குக்கு இரண்டு குணம். அதில் சிலிக்கா இருக்கிறது, அலகை வேகமாக மழுக்கும். எண்ணெய்ப் பசையும் இருக்கிறது, அப்படியே பசை பூசினால் சரியாகப் பிடிக்காது. ஒட்டும் முகங்களை அசிற்றோனால் துடைத்து, அது காய்ந்த உடனே எப்பொக்சிப் பசை பூச வேண்டும்.

மழுங்குவதைச் சமாளிக்க ஒரு வழி: அலகு ஒவ்வொரு அடிக்கும் முக்கால் அங்குலம்தான் ஏறி இறங்குகிறது, அதனால் நடுவில் உள்ள பற்களே தேய்கின்றன. அரை அங்குலப் பிளைவூட்டில் சிறு துளை போட்டு மேசைமேல் ஒட்டிவிட்டால் மரம் உயர்ந்து, தேயாத பற்களுக்கு வேலை போகும். துளை சிறியதாக இருப்பதால் அடிப்பக்கம் நார் பிய்வதும் குறையும். மேல்நோக்கிய பல் உள்ள அலகில் இது சரிவராது, அந்தப் பற்கள் கீழே மறைந்துவிடும். சாதாரணப் பல் வரிசைக்கு நன்றாக வேலை செய்கிறது. நல்ல அலகுகளைக் கொழும்பிலிருந்தோ வெளியிலிருந்தோ தருவிக்க வேண்டியிருக்கும் எங்களுக்கு இது பெரிய உதவி.

அடுத்தது அச்சு எடுப்பது. முதலில் பழைய பெயிண்டை நீக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் உலர்வாக உரசித் தூள் கிளப்பக்கூடாது. ஈரப்படுத்தி மெதுவாகச் சுரண்டி, விழுந்ததைக் கடதாசியோடு சுருட்டி அகற்றினேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. மரம் தெரிந்த பிறகு மெல்லிய கடதாசியை அதன்மேல் விரித்து, நாடாவால் அசையாமல் ஒட்டி, மெழுகுக் கிரேயனைப் படுக்கப் பிடித்து உரசினேன். துளைகளின் விளிம்பு முழுதும் கடதாசியில் வந்துவிட்டது. பார்த்து வரைவதைவிட இது எவ்வளவோ மேல். வரையும்போது நம்முடைய கை நுழைந்துவிடும், உரசும்போது அந்தப் பழைய தச்சரின் கையே வரும்.

உரசிய தாளை ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, மறுபக்கம் திருப்பினால் வலது பாதி தயார். போட்டோகொப்பி எடுக்கும்போது தாளில் 10 செமீ நீளக் கோடு ஒன்று வரைந்துவிட்டு, பிரதியில் அதை அளந்து பார்க்க வேண்டும். சில இயந்திரங்கள் சிறிது சுருக்கியோ விரித்தோ தரும். 18 அங்குல நீளத்தில் ஒரு நூற்றுவீதப் பிழை 4 மிமீக்கு மேல் போகும், கொடி நடுவில் சந்திக்காது.

தாளில் கோடுகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். கொடியின் தண்டு எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் இல்லை. நார் நீளவாக்கில் ஓடுகிறது. தண்டு நாரோடு போகும் இடங்களில் 6 மிமீ அளவுக்கு மெலிந்திருக்கிறது. நாருக்குக் குறுக்கே ஏறும் இடங்களில் 9, 10 மிமீ. இலைகளும் எங்கெங்கே தண்டு குறுக்கே போகிறதோ அங்கேயே வந்து தண்டில் தொட்டு நிற்கின்றன. அழகுக்காக வைத்த இலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். குறுக்கு நாரில் மெல்லிய தண்டு கை பட்டாலே முறியும், அந்த இடத்துக்கு முட்டுக் கொடுக்கவே இலை வந்திருக்கிறது. வெட்டத் தொடங்கும் துளைகளையும் இலையும் தண்டும் சேரும் கூர்மூலையில் போட்டிருக்கிறார், வெட்டி முடிந்ததும் துளை இருந்த இடமே தெரியாது. இணையத்தில் கிடைக்கும் படங்களை அப்படியே மரத்தில் ஒட்டி வெட்டுபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: நார் எந்தப் பக்கம், எந்தத் தண்டு குறுக்கே போகிறது, அதற்குத் துணை எது.

பலகையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் பசைக்குச்சியால் தாளை ஒட்டி, எல்லாவற்றுக்கும் மேல் செலோடேப் ஒரு படை ஒட்டினேன். மாஸ்கிங் டேப் இருந்தால் கடைசியில் தாள் ஒரே இழுப்பில் வரும், மரத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. செலோடேப் அலகுக்கு வழுக்குக் கொடுத்து மரம் கருகுவதைக் குறைக்கும். தேக்கிலும் முதிரையிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

துளைகளை எல்லாம் முதலிலேயே போட்டுவிட வேண்டும். அடியில் கழிவுப் பலகை வைத்து, 2 மிமீ துளைக்கோலால், செங்குத்தாக. பிறகு பலகையைத் திருப்பி அடியில் எழும்பிய நாரைச் சீவிவிட வேண்டும். சின்னச் சிலாம்பு நின்றாலும் பலகை மேசையில் தடைப்பட்டு, வளைவின் நடுவில் வெட்டு குதிக்கும்.

வெட்டும் ஒழுங்கு: நடுவிலிருந்து வெளியே, சிறியதிலிருந்து பெரியதுக்கு. பெரிய துளைகளை முதலில் எடுத்தால் பலகை தளர்ந்து அதிரும், அதற்குப் பிறகு வெட்டும் சின்னத் துளைகள் ஒழுங்காக வரா. வேகத்தை நடுவில் வைத்தேன். முன்னால் தள்ளும் விசை மிகக் குறைவு, இரண்டு கை விரல்களும் பலகையை மேசையில் அழுத்திக்கொண்டு திருப்புவதில்தான் கவனம். கண் அலகைப் பார்க்கக்கூடாது, அலகுக்குக் கொஞ்சம் முன்னால் கோடு போகும் திசையைப் பார்க்க வேண்டும். கோட்டை விட்டு மயிரளவு விலகினால் சட்டென்று திருப்பிக் கோட்டுக்கு வரப் பார்க்காதீர்கள், அந்த முறிவு பளிச்சென்று தெரியும். நீளமாக, மெதுவாகக் கோட்டோடு சேர்ந்துகொள்ளுங்கள். வளைவு ஒழுகலாக இருந்தால் அரை மிமீ விலகல் யாருக்கும் தெரியாது.

கூர்மூலைகளில் ஒரு வித்தை. மூலை வரை வெட்டிப் போய், சிறிது பின்வாங்கி, கழிவுப் பக்கத்தில் அலகு சுழலச் சின்ன இடம் வெட்டிக்கொண்டு, அங்கேயே பலகையைத் திருப்பி மூலையிலிருந்து அடுத்த கோட்டைத் தொடங்க வேண்டும். திருப்பும்போது அலகின் முதுகு மரத்தில் சாய்ந்திருக்க வேண்டும், பல் படக்கூடாது.

மூட்டுக்கு விட்ட பகுதியோடு புதிய பலகை ஏறத்தாழ 20 அங்குலம். 16 அங்குல இயந்திரத்தில் அது முழுவட்டம் சுற்றாது. ஒரு முனையில் வெட்டும்போது மறுமுனை பின்தூணில் முட்டும். முட்டும் இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, அலகைத் துளைக்குத் திரும்பக் கொண்டுவந்து, எதிர்த் திசையிலிருந்து வெட்டி அதே புள்ளியில் சேர்ப்பதுதான் வழி. சேரும் புள்ளியை நீண்ட வளைவின் நடுவில் வைக்காமல் ஏதாவது மூலையில் வருமாறு முன்பே யோசித்துத் தாளில் குறித்துவிட்டேன்.

நடுவில் கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். சுவிட்ச் போட்டபடி கிடந்தால், கரண்ட் வரும்போது அலகு துளைக்குள் இருக்க இயந்திரம் தானாக ஓடத் தொடங்கும், அந்த நேரம் விரல் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லா நேரமும் முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. தேக்குத் தூளும் மூச்சுக்கு நல்லதல்ல. மாலையில் வோல்டேஜ் இறங்கி வேகம் குறைவது தெரிந்தால் நுண்ணிய வளைவுகளைக் காலைக்கு ஒதுக்கி வைத்தேன்.

வெட்டிய சுவர்களை ஊசி அரத்தால் லேசாகத் தொட்டேன். சாண்ட் பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்து, பின்பக்கம் டேப் ஒட்டித் துளைகளுக்குள் இழுத்துத் தேய்த்தேன். அதிகம் தேய்த்தால் விளிம்பு உருண்டு, பூவேலை மழுங்கிப் போகும். பழைய பாதியில் விளிம்புகள் கத்தி போல நிற்கின்றன, புதியதும் அப்படித்தான் நிற்க வேண்டும். இலை நரம்புகளைச் சின்ன உளியால் கீறினேன்.

நாரின் முனையோடு முனை ஒட்டினால் நிற்காது என்பதால், பூச்சாடியின் உடம்பில் இரண்டு பலகையிலும் பாதித் தடிப்பை ஒன்றரை அங்குலத்துக்கு எடுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எப்பொக்சியால் ஒட்டினேன். பூச்சாடியின் நடுவில் பழைய தச்சர் செங்குத்தாக ஒரு கீற்றுக் கீறியிருந்தார். மூட்டின் கோடு அந்தக் கீற்றில் விழுந்து மறைந்தது. புதிய பாதி நிறம் வெளுத்திருக்கிறது. சாயம் பூசி ஒன்றாக்க மாமா சொன்னார், நான் வேண்டாம் என்றேன். தேக்கு ஒளி பட்டுத் தானாக நிறம் மாறும், அதுவரை எது பழையது எது புதியது என்று தெரிவதில் தவறில்லை. லின்சீட் எண்ணெய் மெல்லியதாகப் பூசித் துடைத்தேன். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

மாட்டுவதற்கு முன் கறையான் வந்த வழியை அடைத்தோம். நிலைக்கும் சுவருக்கும் இடையில் இருந்த மண் புற்றைத் தட்டி எடுத்து, வெடிப்பைச் சீமெந்தால் பூசி, நிலையின் மறைவான முகங்களிலும் பலகையின் ஓரங்களிலும் போராக்ஸ் கரைசலை ஊறப் பூசினோம். மழையில் நனையாத இடம் என்பதால் போராக்ஸ் கழுவுப்படாமல் நிற்கும். பலகையை நிலையில் வெட்டியிருந்த காடிப் பள்ளத்தில் வைத்து, இரண்டு ஓரத்திலும் 2 மிமீ இடம் விட்டு, சட்டக்கீற்றுகளை ஆணி அடித்து இறுக்கினேன். அந்த 2 மிமீ மார்கழி ஈரத்துக்காக. இறுக்கி அடைத்தால் மரம் ஊதும்போது மெலிந்த தண்டுகள்தான் முறியும்.

அம்மம்மா கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இடப்பக்க மொட்டில் ஒன்று கொஞ்சம் சாய்ந்தது, வலப்பக்கத்திலும் அப்படியே சாய்ந்திருக்கிறதா என்று கேட்டார். சாய்ந்திருக்கிறது.

அச்சுத் தாள்களைச் சுருட்டி, இரண்டு முனையும் மூடிய பிவிசி குழாயில் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து வளவில் மாமியின் வீட்டு உள்வாசலிலும் இதே அளவில் ஒரு பலகை இருக்கிறது, கொடிக்குப் பதில் இரண்டு கிளிகள். ஒரு கிளிக்குத் தலை இல்லை. அது முதிரை, ஒரு அங்குலத் தடிப்பு. அதற்கு 9 ஆம் எண் அலகு வேண்டும், சொல்லியிருக்கிறேன், வந்ததும் தொடங்க வேண்டும்.